கீபோர்டு வெலாசிட்டியை வாசலில் திருத்துவதா, ட்ராக்கில் திருத்துவதா?

தெற்குவாசல்: திருவிழாக் கச்சேரிகளில் அடிபட்டுத் தேய்ந்த பழைய கீபோர்டு என்னுடையது. மெதுவாகத் தொட்டாலே வெலாசிட்டி (கட்டையை அழுத்தும் வேகத்தைச் சொல்லும் எண்) 100, ஓங்கினால் உச்சமான 127. உறுமி சாம்பிளில் (பதிந்து வைத்த உறுமி ஒலியில்) அந்த மெல்லிய தேய்ப்பு வருவதே இல்லை, எல்லாம் அடிதான். லாஜிக் இசைப்பதிவு மென்பொருளில் இதை எங்கே சரிசெய்வது?

மேலமாசி வீதி: என்விரான்மென்ட்டில், அதாவது மிடி (கீபோர்டு அனுப்பும் வாசிப்புத் தகவல்) போகும் வழியை அமைக்கும் ஜன்னலில். 'கிளிக்ஸ் அண்ட் போர்ட்ஸ்' பக்கத்தில் பிசிக்கல் இன்புட்டுக்கும் சீக்வென்சர் இன்புட்டுக்கும் நடுவே, அதாவது தகவல் உள்ளே வரும் வாசலிலேயே, எண்களை மாற்றும் ஒரு டிரான்ஸ்ஃபார்மரை வையுங்கள். (தெருமுனையில் நிற்பது இல்லை, பயப்படாதீர்கள்.) வெலாசிட்டியை 0.7 ஆல் பெருக்கச் சொல்லுங்கள். முடிந்தது.

திருநகர்: என்ன முடிந்தது? 100 முதல் 127 வரை இருந்தது 70 முதல் 89 வரை ஆகும். தேய்ப்பு அப்போதும் வராது. அதோடு அங்கே வைத்தால் மாறிய எண்தான் பதிவாகும். நாளைக்கு வேறு சாம்பிள் போட்டால் முதலில் வாசித்தது கையில் இருக்காது. ட்ராக்கின் மிடி எஃபெக்ட்டில் வெலாசிட்டி ப்ராசஸரைப் போடுங்கள். ரீஜனில் (ட்ராக்கில் பதிந்த துண்டில்) வாசித்தது அப்படியே இருக்கும், ஒலி மட்டும் மாறும்.

மேலமாசி வீதி: 0.7 தப்புத்தான், ஒத்துக்கொள்கிறேன். பெருக்காமல் மேப் (எந்த எண் வந்தால் எந்த எண்ணாக மாற வேண்டும் என்ற பட்டியல்) போடுங்கள்: 100 வந்தால் 10, 127 வந்தால் 127, நடுவில் உள்ளவற்றைச் சீராக ஏற்றுங்கள். ஆனால் தம்பி, அந்தக் கீபோர்டு சொல்வதே பொய். பொய்யைப் பத்திரமாகப் பதிந்து வைத்து யாருக்கு என்ன லாபம்? நாற்பது ட்ராக் இருந்தால் நாற்பதிலும் ப்ராசஸர் போடுவீர்களா?

திருநகர்: அண்ணே, நாதஸ்வரத்துக்கும் உறுமிக்கும் ஒரே மேப்பா? அதுவும் என்விரான்மென்ட் அந்தந்த ப்ராஜெக்ட்டோடுதான் சேமிக்கப்படும். புதிது திறந்தால் உங்கள் டிரான்ஸ்ஃபார்மரைக் காணோம்.

மேலமாசி வீதி: டெம்ப்ளேட்டாகச் சேமித்தால் இருக்கும்.

தெற்குவாசல்: மேப் போட்டேன். உறுமி சரி. ஆனால் நாதஸ்வரத்தில் பிட்ச் பெண்ட் வீலைத் திருப்பினால் சுருதி நகரவே இல்லை!

திருநகர்: சொன்னேனே.

மேலமாசி வீதி: அவசரப்படாதீர்கள். டிரான்ஸ்ஃபார்மரின் மோடைப் பாருங்கள். நிபந்தனைக்குப் பொருந்தாததைத் தடுக்கும்படி வைத்திருப்பீர்கள். நிபந்தனை நோட்டுக்கு மட்டும் என்பதால் பிட்ச் பெண்ட், சஸ்டெயின் பெடல் இரண்டும் அங்கேயே நின்றுவிடும். பொருந்தாதது அப்படியே கடந்து போகும் மோடுக்கு மாற்றுங்கள்.

தெற்குவாசல்: வீல் வந்துவிட்டது, நன்றி அண்ணே. ஆனால் போன வாரம் பதிந்த ரீஜன்கள் எல்லாம் இன்னும் 100-க்கு மேலேயே நிற்கின்றன. வாசலில் வைத்தது அவற்றைத் தொடவில்லை.

திருநகர்: அதற்கு என் ப்ராசஸர்தான்.

மேலமாசி வீதி: பழசுக்கு மட்டும்.