கல்வெட்டில் அம்மம்மாவின் கருவாடு எங்கே?

அன்பான அண்ணைமார், அக்காமார், சின்னையா, குழுவில் இருக்கும் எல்லாருக்கும் வணக்கம்.

கொடுப்பவர் பேர் பொறித்துக் கட்டும் வளைவுக்கு ஆளுக்கு முந்நூறு டொலர் கேட்டு வந்த மடலையும், அம்மம்மாவின் ஆண்டுத்திவசத்துக்கு அச்சடிக்கவிருக்கும் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்தின் மாதிரியையும் வாசித்தேன். பொருளாளர் அண்ணை, ஊருக்கு அனுப்பும் காசு யார் கணக்குக்குப் போகும் என்ற உங்கள் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் கல்வெட்டு.

பதினாறு பக்கம். பூட்டன் பேர் இருக்கிறது, பேரப்பிள்ளைகளின் பட்டங்கள் இருக்கின்றன, யார் எந்த நாட்டில் என்று இருக்கிறது. அம்மம்மா கருவாடு போட்டு விற்றவர் என்று ஓரிடத்திலும் இல்லை. 'இல்லறம் பேணிய குலவிளக்கு' என்று முடித்துவிட்டீர்கள். அம்மா கேட்டதற்கு, "சம்பந்தி வீட்டார் வாசிப்பார்கள், மீன் கதை எதற்கு" என்று பாரிஸ் சின்னையா எழுதியிருக்கிறார். சின்னையா, உங்களை வெளிநாட்டுக்கு அனுப்ப ஏஜென்சிக்காரருக்குக் கட்டிய காசு எந்தக் கொட்டிலில் வைத்து எண்ணப்பட்டது? அது உங்களுக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும்.

பேரப்பிள்ளைகள் பலர் அவர் வேலை செய்து பார்த்ததில்லை, அதனால் எழுதுகிறேன். கரைவலை இழுத்து முடிந்து மடியை மணலில் கொட்டும்போது அம்மம்மா கடகத்தோடு அங்கே நிற்பார். நெத்தலி, சூடை என்றால் கழுவி, உப்பில் பிரட்டி, கிடுகில் பரப்பிவிடலாம். கட்டா, பாரை, சீலா வந்தால்தான் வேலை. முதுகுப் பக்கத்தால் பிளந்து, குடலும் செவுள்பூவும் எடுத்து, சதையில் கீறல் வைத்து உப்பை உள்ளே அடைப்பார். இரவு முழுக்கத் தொட்டியில் கிடக்கும். மறுநாள் அலசி, சதைப் பக்கம் மேலே பார்க்கக் காயப்போடுவார். பின்னேரம் ஒவ்வொன்றாகத் தூக்கி, நடுமுள்ளை ஒட்டிய சதையைப் பெருவிரலால் அழுத்திப் பார்ப்பார். குழி விழுந்தால் இன்னும் ஒரு வெயில் வேண்டும். அந்த விரலின் நுனி உப்பில் வெடித்து, வெடித்த இடம் ஆறாமலே இருந்தது. கல்யாண வீட்டுக்குப் போனாலும் அந்தக் கையை அவர் மறைத்ததில்லை.

சோளகத்தில், தென்மேல் காற்றடிக்கும் மாதங்களில், எங்கள் முல்லைத்தீவுப் பக்கக் கடல் அடங்கிக் கிடக்கும், உழைப்பு அப்போதுதான். வாடை தொடங்கிக் கடல் எழும்பிவிட்டால் வள்ளம் இறக்க ஏலாது. கார்த்திகை, மார்கழியில் அவர் கட்டி வைத்த சாக்குகள் முள்ளியவளைக்கும் தண்ணீரூற்றுக்கும் போய் நெல்லாகத் திரும்பி வரும். அந்த நெல்லில்தான் மாமாமார் படித்தார்கள். வைகாசியில் சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் தீர்த்தம் எடுத்து, காட்டா விநாயகர் கோயிலில் கடல்நீரில் விளக்கெரியும் கிழமை மட்டும் வீட்டில் மீன் மச்சம் இல்லை. சாக்கெல்லாம் பின்கொட்டிலுக்குப் போய்விடும். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல் முடிந்த பிறகே கத்தி தீட்டுவார்.

கடன் கணக்கை அவர் எழுதி வைக்கவில்லை, எழுதத் தெரியாது. கொட்டிலைத் தாங்கும் கப்பில் வலைநூல்கள் தொங்கும், வீட்டுக்கு ஒன்று. கடன் ஏறினால் ஒரு முடிச்சு, கட்டினால் ஒன்று அவிழும். எந்த நூல் யாருடையது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். 2004 மார்கழி 26 காலை கொட்டில், கப்பு, நூல் எல்லாவற்றையும் கடல் கொண்டுபோனது. அகதியாகப் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது, வர வேண்டிய காசு நினைவிருக்கிறதா என்று அம்மா கேட்டார். "பிள்ளையைக் கடலுக்குக் குடுத்திட்டு இருக்கிறவளிட்ட நான் கருவாட்டுக் காசு கேக்கிறதோ?" என்றாராம். அதற்குப் பிறகு யாரிடமும் அவர் கேட்கவில்லை. அந்த நூல்களில் யார் யாருடைய வீடு இருந்தது என்று இந்தக் குழுவில் சிலருக்குத் தெரியும். நானும் அதைப் பேசப் போவதில்லை.

2009ஐக் கல்வெட்டில் ஒரு வரியில் சொல்லியிருக்கிறீர்கள். சரி, மாத்தளனையும் முள்ளிவாய்க்காலையும் செட்டிகுளம் முகாமையும் பற்றி அவரே வாய் திறந்ததில்லை. ஆனால் ஊருக்குத் திரும்பியதும் அவர் முதலில் தேடியது உப்புத் தொட்டியைத்தான் என்பதை எழுதுங்கள். இந்திய அரசின் வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை லட்சம் ரூபாய் கட்டம் கட்டமாக வந்தது, கூரை மரத்துக்குப் போதவில்லை. இந்தக் குழுவுக்கு அப்போது நாங்கள் எழுதினோம். பதில் போட்டவர் சுவிஸில் இருக்கும் பேர்ன் மாமா ஒருவர்தான். மீதியை அம்மம்மா கருவாடு விற்றே கட்டினார், அந்த வயதில். இன்றைக்கு வளைவில் பேர் பொறிக்க இத்தனை பேர் முன்வந்திருப்பதைப் பார்க்க எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

போன மாதம் சித்தி ஊருக்குப் போய் வந்தார். கரையில் இன்னும் பெண்கள் வெறும் மணலில்தான் காயப்போடுகிறார்களாம். மணல் ஒட்டின கருவாட்டுக்கு வியாபாரி விலையைக் குறைக்கிறான். திடீர் மழை வந்தால் முழுதும் பழுது. உப்பு வாங்கவே நுண்கடன் எடுத்து வாராவாரம் கட்டுகிறார்கள். வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுக்கு ஒரு லட்சத்துக்கு உட்பட்ட கடனை 2018இல் அரசு தள்ளுபடி செய்தது. அப்புறம் என்ன, அதே வாசல்களில் புதுக் கடன்காரர் வந்து நிற்கிறார்கள்.

அதனால் என் பங்கை வளைவுக்குத் தரமாட்டேன். அந்தப் பெண்களுக்குக் கருவாடு காயப்போட இடுப்பளவு உயரத்தில் வலை அடித்த பரண்கள், இரண்டு சீமெந்துத் தொட்டி, மழைக்கு ஒரு தகரக் கொட்டில், இவ்வளவும் போதும். பரணில் போட்டால் கீழாலும் காற்றுப் படும், கெதியில் காயும், நாய் இழுக்காது. மிஞ்சுவதை உப்புக்கு வட்டியில்லாக் கடனாகச் சுழல விடலாம்.

பொருளாளர் அண்ணை, உங்கள் கேள்வி நியாயமானது. காசு எந்தத் தனி ஆளின் கணக்குக்கும் போகக் கூடாது. மாதர் சங்கத்தின் வங்கிக் கணக்கு, இரண்டு கையெழுத்து, பற்றுச்சீட்டுகளின் படம் மாதாமாதம் இந்தக் குழுவுக்கு. கோயில் கிணற்றுக் காசுக்கு நடந்தது இனி நடக்கக் கூடாது என்பதில் நானும் உங்களோடுதான். கரையின் வடக்குப் பக்க மீன்வாடிக்காரர் தடுப்பார்கள் என்று பயப்பட வேண்டாம், அங்கே பரண் கேட்டதே அவர்கள் வீட்டுப் பெண்கள்தான்.

கல்வெட்டு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது என்றீர்கள். முதல் பக்கத்தில் 'கருவாட்டு வியாபாரி' என்று போடுங்கள். கடகத்தோடு அவர் நிற்கும் படம் அம்மாவிடம் இருக்கிறது, இன்றிரவு ஸ்கான் செய்து அனுப்புகிறேன். போட்டால் அச்சுச் செலவில் பாதி என்னுடையது. போடாவிட்டால் பேரப்பிள்ளைகள் பட்டியலில் இருந்து என் பேரை எடுத்துவிடுங்கள்.