ரைஸ்மில் புகைபோக்கி கருப்பு வெள்ளையில் மட்டும் ஏன் இவ்வளவு அழகு?

கோட்டையூர்ப் பையன்:
காரைக்குடிப் பக்கம் கேமராவோடு வருகிறவர்கள் ஆத்தங்குடிக் கல், தேக்குத் தூண், வீட்டு முகப்பு என்றுதான் சுற்றுவார்கள். எனக்கு இப்போது மூடிக் கிடக்கும் ஒரு ரைஸ்மில் மேல்தான் பைத்தியம். செங்கல் புகைபோக்கி, நெல் அவிக்கிற தொட்டிகள், துருப்பிடித்த தகரக் கூரை. கலரில் பார்த்தால் பாழடைந்த கட்டடம். கருப்பு வெள்ளைக்கு மாற்றினால் கண்ணை எடுக்க முடியவில்லை. "இதைப் போயா எடுத்தே?" என்கிறார் அம்மா. என்ன பதில் சொல்வது?

தேவகோட்டைக்காரர்:
தம்பி, கலரில் துருவும் பின்னால் நிற்கும் கருவேலம் பச்சையும்தான் முதலில் கண்ணை இழுக்கும். அது போனால் உருவம் தெரியும். அந்தப் புகைபோக்கி அடியில் அகன்று, மேலே போகப் போகக் குறுகும். பாரம் தாங்க வேண்டும், காற்றுக்கு நிற்க வேண்டும். உயரம் இருந்தால்தான் சூடான புகை மேலேறி, உமி எரிகிற அடுப்புக்குக் காற்றை இழுக்கும். அழகுக்கென்று கொத்தனார் ஒரு கல்லும் வைக்கவில்லை. ஆனாலும் எவ்வளவு அழகு பாருங்கள்!

ஜெர்மனியில் பெர்ண்ட் பெஷர், ஹில்லா பெஷர் என்ற தம்பதி 1959 முதல் பல பத்தாண்டுகள் தண்ணீர்த் தொட்டி, இரும்பு உருக்கும் உலை, சுரங்கக் கோபுரம் இவற்றையே கருப்பு வெள்ளையில் எடுத்தார்கள். மேகம் மூடிய வெளிச்சத்தில், நேர் எதிரே நின்று. பிறகு ஒரே வகையை வரிசையாக அடுக்கி வைப்பார்கள். ஒன்றுக்கொன்று உள்ள வித்தியாசம் அப்போதுதான் பிடிபடும். 1990இல் இத்தாலியில் நடக்கும் வெனிஸ் பியென்னாலே என்ற பெரிய கலைக் கண்காட்சியில் அவர்களுக்குக் கிடைத்தது சிற்பத்துக்கான பரிசு. அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்.

பள்ளத்தூர் ஸ்டுடியோ:
கலராகவே எடுத்துவிட்டு அப்புறம் மாற்றுங்கள். மாற்றும்போது சிவப்பைக் குறைத்தால் செங்கல் கருத்து, சுண்ணாம்பு இடுக்கெல்லாம் கோடு கோடாக எழும். கூட்டினால் செங்கல் வெளுத்து இடுக்கோடு கலந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மப்பும் மந்தாரமுமாக இருக்கும்போது போங்கள். சித்திரை உச்சி வெயிலில் பாதிச் சுவர் நிழலுக்குள் போய்விடும்.

கண்டனூர் மருமகள்:
எங்க அப்பா மில்லில்தான் வேலை பார்த்தார். களத்தில் நெல்லைக் காலால் கோடு போட்டுக் காய வைப்பார்கள். புகைபோக்கியோடு நிறுத்தாமல் அந்தக் களத்தையும் எடுங்கள் தம்பி. ஆள் நடந்து நடந்து தேய்ந்த தரை அது.

கோட்டையூர்ப் பையன்:
எடுக்கிறேன் அக்கா. இந்தப் பக்கம் வேறு எங்கெல்லாம் மில் புகைபோக்கி நிற்கிறது? தெரிந்தவர்கள் ஊர்ப் பெயர் மட்டும் போடுங்கள். இடிப்பதற்குள் வரிசையாக எடுத்துவிட வேண்டும்.