வெள்ளிக் கொலுசுக்கு டிடெக்டரில் என்ன நம்பர் வரும்?

மிளகுக்கொடி: ஏற்காட்டில் எங்கள் காப்பித் தோட்டத்தில் போன வாரம் அத்தையின் ஒரு கால் கொலுசு விழுந்துவிட்டது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் செய்தது. 99 வரை நம்பர் காட்டும் மெட்டல் டிடெக்டர் ஒன்றை இரவல் வாங்கினேன். வெள்ளி 80-க்கு மேல் என்று அதிலேயே போட்டிருக்கிறது. இரண்டு நாளாக 80-க்கு மேல் வந்ததை மட்டும் தோண்டியதில் செம்புக் கம்பிதான் மிச்சம். எங்கே கோட்டை விட்டேன்?

குகைக்காரன்: நம்பரை நம்பியதில்தான். அந்தக் கருவிக்கு வெள்ளி, தங்கம் எதுவும் தெரியாது. அடியில் இருக்கும் கம்பிச்சுருள் வட்டின், அதாவது காயிலின், காந்தப்புலம் பட்டால் உலோகத்துக்குள் மின்னோட்டம் சுழலும். அதன் எதிரொலி எவ்வளவு பிந்தி வருகிறது என்பதைத்தான் எண்ணாகக் காட்டுகிறது. உலோகம் மட்டுமல்ல, அளவு, கனம், கிடக்கும் கோணம் எல்லாம் அதில் கலந்திருக்கும். தங்க மோதிரமும் அலுமினிய மூடித் துண்டும் ஒரே எண்ணில் வரலாம். திரையைப் பார்க்காதீர்கள், சத்தம் வரும் இடமெல்லாம் தோண்டுங்கள்.

பகோடாமுனை: இடமெல்லாமா? அண்ணே, காப்பித் தோட்டத்துக்குள் போயிருக்கிறீர்களா? குவார்ட்டர் மூடி, மாத்திரை அட்டை, வேலி ஆணி. செடிக்குச் செடி குழி போட்டால் மேல்வேர் என்னாவது?
80 என்பது வெள்ளிக் காசுக்கு. கொலுசு கண்ணி கண்ணியாகக் கோத்தது. மின்னோட்டம் ஒரு கண்ணியிலிருந்து அடுத்ததற்குச் சரியாகப் பாயாது. அதனால் ஒவ்வொன்றும் தனிக் குட்டிப் பொருளாகத் தெரியும், எண்ணும் இறங்கிவிடும். இன்னொரு கால் கொலுசு அத்தையிடம் இருக்குமே? தரையில் போட்டுப் பாருங்கள்.

மிளகுக்கொடி: பார்த்தேன். 38, 45, 41 என்று குதிக்கிறது. திருகு மேல் காயில் போனால் மட்டும் 60-ஐத் தொடுகிறது.

குகைக்காரன்: திண்ணையில் வந்த எண் மண்ணுக்குள் வருமா? பாக்சைட் வெட்டிய மலை, இரும்பு கலந்த செம்மண். ஆழம் போகப் போக எண் கீழே, இரும்புக்கான எண் பக்கம் சரியும். கஞ்சமலை அடிவாரத்தில் பைக் சாவி தேடியபோது எனக்குக் காந்தக்கல்லுக்கே டிடெக்டர் கத்தியது.

பகோடாமுனை: கிரவுண்ட் பேலன்ஸ், அதாவது மண்ணுக்கே கத்தாதபடி கருவியைச் சரிசெய்வது, அதைச் செய்யாமல் ஆட்டினால் கத்தத்தான் செய்யும். போன வாரம் விழுந்தது சருகுக்கு அடியில்தான் கிடக்கும், இதில் ஆழம் எங்கே வந்தது? இது புதையலா என்ன? (புதையல் என்றால் பத்து ரூபாய்க்கு மேல் போனாலே கலெக்டருக்குச் சொல்ல வேண்டும், 1878-ஆம் வருடச் சட்டம்.) 35-லிருந்து 60 வரை குதிப்பதை மட்டும் எடுங்கள். காயிலைக் குறுக்கேயும் ஒரு தடவை ஓட்டுங்கள். முழு மூடி என்றால் பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரே எண்ணில் நிற்கும்.

மிளகுக்கொடி: கிடைத்துவிட்டது! சில்வர் ஓக் மரத்தடியில், 36-க்கும் 50-க்கும் நடுவே ஆடியது. சருகை விலக்கினால் கொலுசு. ஆனால் முக்கால்வாசிதான், திருகு முனை அறுந்து போயிருக்கிறது.

குகைக்காரன்: குதித்ததால் கிடைத்தது, நம்பரால் இல்லை.

பகோடாமுனை: குதித்தது என்னவாம், நம்பர்தானே?

மிளகுக்கொடி: சரி, சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். அத்தை பக்கத்திலேயே நிற்கிறார். திருகுத் துண்டு மட்டும் தனியாகக் கிடந்தால் எத்தனை காட்டும்?