ரோட்டரி கிளப் ஆரம்பிச்சதே பிசினஸ் பிடிக்கத்தானா?

மாடக்குளத்தான்:
ஆபீஸ்ல ஒரு அண்ணன் ரோட்டரில சேரச் சொல்லி ரொம்ப நாளா கூப்பிடறார். இன்னொருத்தரோ, வியாபாரிங்க ஒருத்தருக்கொருத்தர் ஆர்டர் குடுத்துக்க ஆரம்பிச்சதுதான் அது, சேவையெல்லாம் அப்புறம் ஒட்டினதுங்கறார். நிஜமா? தெரிஞ்சவங்க சொல்லுங்களேன்.

நூலகவாசி:
பாதி நிஜம். 1905 பிப்ரவரி 23, சிகாகோ. பால் ஹாரிஸ்னு ஒரு வக்கீல், சின்ன ஊர்ல தாத்தா பாட்டிகிட்ட வளர்ந்தவர், பெரிய ஊர்ல பேச்சுத்துணைக்கு ஆள் தேடினார். ஒரு நிலக்கரி வியாபாரி, ஒரு தையல்காரர், ஒரு மைனிங் இன்ஜினியர், இவரோட சேர்த்து நாலு பேர். ஒவ்வொரு தடவையும் ஒருத்தர் ஆபீஸ்னு சுழற்சில கூடினதாலதான் ரோட்டரின்னு பேரு. ஒரு தொழிலுக்கு ஒரு ஆள்தான், உள்ளுக்குள்ள பிசினஸ் குடுத்துக்கணும்னு நோக்கத்துலயே எழுதி வெச்சிருந்தாங்க.

1906ல டொனால்ட் கார்ட்டர்னு ஒரு பேட்டன்ட் வக்கீலைச் சேரக் கூப்பிட்டாங்க. ஊருக்கு ஒண்ணும் செய்யாத கிளப் எனக்கு எதுக்குன்னு மறுத்துட்டார். அந்தக் கேள்விக்கு அப்புறம்தான் நகரத்தோட நலன்னு ஒரு நோக்கத்தையும் சேர்த்தாங்க, அவரும் சேர்ந்தார். என்னைக் கேட்டா ரோட்டரியோட நிஜமான ஆரம்பம் அதுதான். கையிலெடுத்த முதல் பொதுவேலை என்ன தெரியுமா, சிட்டி ஹால் பக்கத்துல ஒரு பொதுக் கழிப்பறை! எங்க கடைலயே அந்த வசதி இருக்கு, அதுக்காகவே ஜனங்க உள்ள வர்றாங்கன்னு மதுக்கடைக்காரங்களும் பெரிய ஜவுளிக்கடைக்காரங்களும் எதிர்த்தாங்க, அப்படியும் விடாம நின்னு 1909ல கட்டி முடிச்சாங்க.

கோவை ரோட்டராக்டர்:
அருமை சார். அப்புறம் மளமளன்னு வளர்ந்துச்சு. 1908ல சான் பிரான்சிஸ்கோ, 1919ல கல்கத்தா, 1929ல நம்ம மெட்ராஸ். இன்னிக்கு கோடிக்கணக்குல செலவு பண்ற ரோட்டரி ஃபவுண்டேஷனுக்கு (அவங்க அறக்கட்டளை) வந்த முதல் நன்கொடை வெறும் 26.50 டாலர். ஆனா பெண்களை உறுப்பினரா சேர்க்கலாம்னு உலகம் பூரா விதியை மாத்தவே 1989 ஆயிடுச்சு, அது எனக்கு இன்னும் உறுத்துது.

செவிலி அக்கா:
போலியோவை விட்டுட்டீங்களே தம்பி. 1985ல போலியோவை ஒழிக்க போலியோ பிளஸ்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சு, விடாம நின்னவங்க இவங்க. சொட்டு மருந்து பூத்ல ஐஸ் பெட்டியைத் தூக்கிட்டு வந்து, குழந்தைங்க சுண்டு விரல்ல மை வெச்சு, வெயில்ல நாள் பூரா நம்மளோட உக்காந்திருப்பாங்க. இயற்கையா பரவற போலியோ வைரஸால இந்தியால வந்த கடைசி கேஸ் 2011 ஜனவரி, மேற்கு வங்கத்துல ஹவுரா பக்கம். அந்த வகைல அதுக்கப்புறம் ஒண்ணு கூட இல்ல. மாடக்குளத்தான் தம்பி, முதல்ல கெஸ்ட்டா ஒரு மீட்டிங் போய்ப் பாருங்க, போன வருஷம் என்ன வேலை செஞ்சாங்க, வருஷ சந்தா எவ்வளவுன்னு நேரடியா கேளுங்க, கிளப்புக்கு கிளப் வித்தியாசம் உண்டு.