இன்னொரு தடவை ஏறுங்கண்ணா

ஊடகம் படித்தவர்கள் முதல் ஆவணப்படத்தில் பட்ட பாட்டை எழுதலாம் என்றதும் எனக்கு ஒரு தென்னை மரம்தான் ஞாபகம் வந்தது.

ஊர் வேலந்தாவளம் பக்கம். சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. அந்தப் பக்கம் கோயம்புத்தூர் மாவட்டம். வீட்டில் பேச்சு தமிழ், ரேஷன் கார்டில் எழுத்து மலையாளம். கோவையில் ஒரு கல்லூரியில் விஸ்காம் படித்தேன். இரண்டாம் ஆண்டில் 10 நிமிடப் படம் ஒன்று எடுத்துத் தர வேண்டும். மூன்று பேர், ஒரு கேமரா, ஒரு டிரைபாட், ஒரு காலர் மைக்.

எதை எடுப்பது என்று அதிகம் யோசிக்கவில்லை. தமிழ்நாட்டில் கள்ளுக்கு 1987 முதல் தடை. எங்கள் பக்கம் லைசென்ஸ் உண்டு. சித்தூர்த் தோப்புகளில் இறக்கும் கள் விடிந்ததும் வண்டியேறி மற்ற மாவட்டத்து ஷாப்புகளுக்குப் போய்விடும். பக்கத்துத் தோப்பில் மரம் ஏறும் அண்ணன் ஒருவரிடம் போய்க் கேட்டேன். "எடுத்துக்க கண்ணு. ஆனா என்ர வேலை நிக்கக்கூடாது" என்றார். அவர் போட்ட நிபந்தனை அது ஒன்றுதான். அதையும் நான் சரியாகக் காதில் வாங்கவில்லை.

வகுப்பில் எங்களுக்கு ஐந்து ஷாட் பாடம் நடத்தியிருந்தார்கள். எந்த வேலையாக இருந்தாலும் கை, முகம், ஆளும் இடமும் சேர்ந்த வைட், தோளுக்குப் பின்னாலிருந்து ஒன்று, புதுக் கோணத்தில் ஒன்று. ஒவ்வொன்றையும் 10 நொடியாவது அசையாமல் பிடிக்க வேண்டும், எடிட்டில் ஒட்டிக்கொள்ளும் என்றார்கள். நல்ல பாடம்தான். ஆனால் திண்ணையில் உட்கார்ந்து பூ கட்டுகிறவருக்குப் பொருந்துகிற பாடம். எங்கள் அண்ணன் காலில் தளப்பு (மரம் ஏறக் கால்களைச் சேர்த்துப் பிணைக்கும் வளையம்) மாட்டி, நான் ஃபோகஸ் பிடிப்பதற்குள் பாதி மரம் போய்விட்டார். மேலே பாளையை எலும்பால் தட்டும் 'டொக் டொக்' சத்தம் மட்டும் கேட்டது.

இறங்கி வந்ததும் கேட்டேன். "இன்னொரு தடவை ஏறுங்கண்ணா. காலை மட்டும் குளோசப்ல எடுத்துக்கறேன்."

ஏறினார். கை சரியாக விழவில்லை, இன்னொரு முறை என்றேன். அதற்கும் ஏறினார். மூன்றாவது முறை பாதி மரத்தில் நின்று, நெற்றியை மரத்தில் முட்டுக் கொடுத்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். மானிட்டரில் பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. என்னோடு வந்த பையன் 'சூப்பர்' என்று முணுமுணுத்தான். மூச்சு வாங்கத்தான் நின்றிருக்கிறார் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தோன்றவில்லை.

கீழே வந்து ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு கேட்டார்: "எனக்கு எத்தனை மரம்னு எண்ணிப் பாத்தியா?" 10 மரம். காலை, மதியம், சாயங்காலம் என்று ஒவ்வொன்றும் மூன்று முறை. நாளுக்கு 30 ஏற்றம். நாங்கள் அதில் இரண்டைக் கூட்டியிருந்தோம். அது மட்டுமில்லை, அன்றைக்குக் கள் அளக்குமிடத்துக்கு அவர் பிந்திப் போய், அங்கே நின்ற ஆளிடம் நாலு வார்த்தை கேட்டுக்கொண்டதும் அப்புறம்தான் தெரிந்தது.

அந்த வாரம்தான் வகுப்பில் ஃபிளாஹெர்ட்டியின் 'நானூக் ஆஃப் த நார்த்' போட்டார்கள், வட கனடாவின் இனுவிட் குடும்பம் ஒன்றைப் பற்றிய 1922ஆம் வருடத்து ஆவணப்படம். நிஜமான பனிவீட்டுக்குள் அந்தக் காலத்துக் கேமராவுக்கு இடமும் போதாது, வெளிச்சமும் போதாது. அதனால் பாதியாக வெட்டித் திறந்துவிட்ட பனிவீடு ஒன்றைக் கட்டி, அந்தக் குளிரில் அந்தக் குடும்பத்தைத் தூங்குவதுபோலப் படுக்கவைத்து எடுத்திருக்கிறார்கள். இதைக் கேட்டு வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வழியைச் சொல்லிக்கொடுத்தது அண்ணன்தான். "நாளைக்கும் இதே மரந்தான், இதே நேரந்தான். எங்கே போகப்போறேன்?" என்றார். எனக்கு அங்கேதான் உறைத்தது. தினமும் திரும்ப நடக்கிற வேலைக்கு ரீடேக் கேட்க வேண்டியதே இல்லை. மறுநாள் வந்தால் போதும். ஒரே கேமராவோடு நாலு நாள் போனால் நாலு கேமரா வைத்த மாதிரி.

அடுத்த நாலு நாளும் காலை ஆறரைக்கு அதே மரத்தடியில் நின்றோம். முதல் நாள் தோப்பு தெரிகிற வைட் மட்டும். இரண்டாம் நாள் கால், தளப்பு. மூன்றாம் நாள் இடுப்பில் கத்தி, எலும்பு, குடுவை. நாலாம் நாள் முகம், இறங்கி வரும்போது. நேரம் மாறாததால் வெயில் விழும் பக்கமும் ஓரளவுக்கு மாறவில்லை. மாறியது லுங்கி! முதல் நாள் பச்சை, இரண்டாம் நாள் நீலக்கட்டம், மூன்றாம் நாள் காவி. ஒரே லுங்கியை நாலு நாள் கட்டிக்கொண்டு வாருங்கள் என்று எந்த வாயால் கேட்பது? வெயில் அமைந்த நாளெல்லாம் லுங்கி அமையவில்லை. கடைசியில் லுங்கி தெரியாத குளோசப்புகளை நடுவில் போட்டு ஒட்டினேன்.

சத்தம் தனிக்கதை. நாங்கள் எடுத்தது மார்கழிக் கடைசியில். பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலம். மலை வரிசையில் அவ்வளவு பெரிய வாசல் திறந்திருந்தால் காற்று சும்மா இருக்குமா? மார்கழி, தை மாதங்களில் கிழக்கேயிருந்து வரும் காற்று மொத்தமும் எங்கள் ஊர் வழியாகத்தான் போகும். முதல் பேட்டியை ஹெட்போன் போடாமல் எடுத்தோம். போட்டுக் கேட்டால் பேச்சே இல்லை, தார்ப்பாய் படபடக்கிற சத்தம்தான். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிற அடிச்சத்தத்தை எடிட்டில் வெட்டிப் பார்த்தேன். கொஞ்சம் குறைந்தது; ஆனால் காற்று மைக்கையே அறைந்து சத்தம் உடைந்த இடங்களை எந்த சாஃப்ட்வேராலும் மீட்க முடியவில்லை. மைக்குக்குப் போடும் ரோம உறை வாங்கக் காசில்லை. அதனால் ஒரு பொம்மைக் கரடியை வாங்கி, அதன் வயிற்றுத்தோலை வெட்டி அம்மாவிடம் கொடுத்துத் தைத்தேன். மிச்சக் கரடியைப் பார்த்துத் தங்கச்சி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மேலே தட்டும் சத்தம் கீழே வைத்த மைக்குக்கு எட்டாது. கையடக்க ரெக்கார்டரை அண்ணன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஒரு மதியம் ஏறினார். தளப்பு மரத்தில் உரசுவது, மூச்சு, எலும்புத் தட்டல், மேலே போனதும் ஓலைச் சத்தம், யாரோ கீழே இருந்து கூப்பிட அவர் "ஓ" என்பது எல்லாம் அதில் இருந்தன. படத்தில் நன்றாக வந்ததென்று நான் நினைப்பது இது ஒன்றைத்தான்.

கடைசியாக, நான் செய்த பெரிய தப்பு. பேட்டியில் "பயமா இருக்காதாண்ணா?" என்று கேட்டதற்கு அவர் சொன்னது: "பயம் இல்லைன்னு சொல்ல முடியாது." நேரம் குறைக்க வேண்டியிருந்தது. 'ன்னு' தொடங்குகிற இடத்தில் வெட்டி, உடனே மரத்து உச்சி ஷாட்டைப் போட்டேன். 'பயம் இல்லை.' வீரமாக இருந்தது. தமிழில் உண்டா இல்லையா என்பதே வாக்கியத்தின் வாலில்தான் இருக்கிறது. வாலை வெட்டினால் ஆளே மாறிவிடுவார். எடிட்டிங் பாடம் எதிலும் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லிக்கொடுக்கிற புத்தகங்களெல்லாம் வேறு மொழிக்காரர்கள் எழுதியவை என்பதால் இருக்கலாம்.

ரஃப் கட்டை லேப்டாப்பில் அவர் வீட்டுத் திண்ணையில் வைத்துப் போட்டுக் காட்டினோம். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. பத்தாவது படிக்கிற மகள்தான் கேட்டாள்: "அப்பா தினம் ராத்திரி முட்டிக்குத் தைலம் போட்டுட்டு, விழுந்துருவனோன்னு அம்மாகிட்ட சொல்லும். இங்க என்ன இப்படிச் சொல்லுது?" அன்றைக்கு ராத்திரியே அந்த வாலை ஒட்டினேன். படம் 10 நிமிடத்தைத் தாண்டியது, அதற்கு மார்க் குறைத்தார்கள்.

*

நகரி பக்கத்திலிருந்து எழுதுகிறேன். ஆந்திரா, ஆனால் தெருவில் பாதிப் பேச்சு தமிழ். (பக்கத்தில் புத்தூர் என்றால் எல்லோரும் எலும்புக் கட்டைத்தான் கேட்பார்கள். இல்லை, நான் எடுத்தது விசைத்தறி.)

மேலே எழுதியவருக்கு வேலை நாளைக்கு மூன்று முறை திரும்ப வந்தது. எங்கள் அத்தை தறியில் அது நொடிக்கு நொடி திரும்பும். நாடா இந்தப் பக்கம், அந்தப் பக்கம், நாள் முழுக்க அதேதான். எத்தனை ஷாட் வேண்டுமானாலும் கிடைக்கும் என்று சந்தோஷமாகப் போனேன்.

முதல் நாள் ஃபுட்டேஜ் முழுக்கப் பட்டை பட்டையாக ஓடியது. டியூப்லைட். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டரை நொடியில் 50இல் ஒன்றாக, ஃபிரேமை நொடிக்கு 25ஆக வைக்க வேண்டும். நான் ஷட்டரை 60இல் ஒன்றாக வைத்திருந்தேன். இது ஒரு நாளில் சரியானது.

சரியாகாதது சத்தம். தறி ஷெட்டில் 90 டெசிபலுக்கு மேல் இருக்கும், மைக்கை அத்தை கழுத்தில் மாட்டினாலும் தறிதான் பேசும். அதைவிடத் தொல்லை, எடிட்டில் எங்கே வெட்டினாலும் தறியின் தாளம் தப்பும். பார்ப்பவருக்கு ஏனென்று தெரியாது, ஆனால் ஏதோ தட்டும். அதனால் தறிச் சத்தத்தை ஆள் பேசாமல் இருக்கும்போது ஐந்து நிமிடம் தொடர்ச்சியாகப் பதிந்து, அதை அடியில் ஒரே நீளமாக ஓடவிட்டு, படத்தை மட்டும் மேலே வெட்டினேன். பேச்சைத் தனியாக எடுத்தேன்.

அந்தப் பேச்சு கிடைத்தது கரண்ட் போனபோது. எல்லாத் தறியும் ஒரே நேரத்தில் நின்றது. காதுக்குள் கொய்ங் என்று ஒரு சத்தம். அத்தை பழக்கத்தில் அப்போதும் கத்தித்தான் பேசினார்கள், அப்புறம் தானே உணர்ந்து குரலைத் தாழ்த்தினார்கள். அந்த இருபது நிமிடத்தில் கூலி, சீட்டுப் பணம், மாமா போனது எல்லாம் வந்தது. கணக்குச் சொல்லும்போது தெலுங்கு, அழும்போது தமிழ். சப்டைட்டிலில் இந்த மாற்றத்தை எப்படிக் காட்டுவதென்று தெரியவில்லை. கடைசியில் தெலுங்கு வரிகளை மட்டும் சாய்வெழுத்தில் போட்டேன்.

ஒப்புதல் படிவத்தில் முதல் நாளே கையெழுத்து வாங்கியிருந்தேன். இங்கிலீஷில் இருந்த தாள், அத்தைக்கு அதில் என்ன புரிந்திருக்கும்! கரண்ட் வந்ததும் எழுந்துபோய்த் தறியைத் தட்டிவிட்டு, சத்தத்துக்கு மேலே கத்தினார்கள்: "பாப்பா, மாமா விசயத்தப் போட்டுறாத." போடவில்லை. படத்தில் இருப்பது கூலிக் கணக்கு மட்டும். கையெழுத்து இருந்தும் ஏன் நல்ல பகுதியை விட்டாய் என்று கேட்ட சீனியர்களோடு இன்னும் எனக்குச் சண்டைதான்.

*

மறையூர், கேரளத்தின் இடுக்கி மாவட்டம். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் ஊர்ச் சர்க்கரையை, அதாவது வெல்லத்தைப் பற்றி எடுக்கப் போனேன். விடிகாலைக் குளிரில் நடந்துபோய் நேராகக் கொப்பரை கொதிக்கும் கொட்டகைக்குள் நுழைந்ததும் லென்ஸ் முழுக்க ஆவி படிந்துவிட்டது. துணியால் துடைத்தேன். துடைக்கத் துடைக்கப் படிந்தது. பையை மூடியபடி உள்ளே அரை மணி வைத்து, கேமரா சூடான பிறகு எடுத்திருக்க வேண்டும். அதற்குள் பாகு இறக்கி, உருண்டை பிடித்து முடித்துவிட்டார்கள்.

'நாளைக்கு வந்தால் போதும்' என்பதில்தான் எனக்கு ஒரு சங்கடம். செமஸ்டர் பரீட்சை வந்தது, மூன்று வாரம் கழித்துப் போனேன். கொப்பரையைப் பழைய இரும்பு விலைக்குப் போட்டுவிட்டுக் கரும்பை வெட்டாமலே வேறு ஆளுக்குக் கொடுத்திருந்தார்கள். அடுப்புக் குழியில் கோழி படுத்திருந்தது. அதைத்தான் எடுத்தேன். பெரியவர் குழி ஓரமாக நின்று, பாகு எந்தப் பதத்தில் இறங்க வேண்டும் என்பதை வெறுங்கையால் கிளறிக் காட்டினார். நான் கேட்கவில்லை, அவராகத்தான் செய்தார். அதை நடிப்பு என்பதா நிஜம் என்பதா என்று எங்கள் வகுப்பில் ஒரு மணி நேரம் அடித்துக்கொண்டார்கள்.

அது கிடக்கட்டும். வேலந்தாவளத்துக்காரரே, அந்தக் கரடி எங்கே வாங்கினீர்கள்? எங்கள் ஊரிலும் காற்றுக்குக் குறைவில்லை.

*

கோவை டவுன்ஹால் பக்கம், நடைபாதைக் கடையில். ரோமம் நீளமாக இருக்கிறதா என்று விரலை விட்டுப் பாருங்கள், குட்டை ரோமம் காற்றுக்கு நிற்காது. அப்புறம், அடித்துணி கெட்டியாக இருந்தால் குரலும் அடைத்துப் போகும். வாயருகே வைத்து ஊதிப் பார்த்து, மூச்சு லேசாகத் தாண்டுகிறதாக வாங்குங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் வெட்டும்போது கதவைச் சாத்திக்கொள்ளுங்கள்.