புராக் ராக் கச்சேரி: மேடை முக்கியமா, ஒலி முக்கியமா?

ஒற்றைத்தந்தி:
போன வாரம் கிங் கிரிம்சன் என்ற பிரிட்டிஷ் புராக் ராக் (நீண்ட, சிக்கலான அமைப்புள்ள ராக் இசை) குழுவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது நண்பர் வேஷக்காரன், "ஏழெட்டுப் பேர் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு ஆடாமல் அசையாமல் வாசிப்பதைப் பார்க்க எதற்கு டிக்கெட்? வீட்டிலேயே கேட்டுவிடலாமே" என்று எழுதியிருந்தார். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தத் தனி இழை.

2014 முதல் 2021 வரை சுற்றிய அந்தக் குழு மேடையை எப்படி அமைத்தது என்று பாருங்கள். மூன்று டிரம்ஸ் செட்டுகள் முன்னால். மற்றவர்கள் எல்லாம் பின்னால், சற்று உயரத்தில். கிட்டாரிஸ்ட் ராபர்ட் ஃப்ரிப் வழக்கம்போல ஓரத்தில் ஸ்டூலில். கச்சேரி நடக்கும்போது படம் எடுக்க விடவில்லை. முடிந்த பிறகு பேஸ் கிட்டாரிஸ்ட் டோனி லெவின் தன் கேமராவைக் கையில் எடுத்தால்தான் நாமும் எடுக்க முடிந்தது. மூன்று டிரம்மர்களும் ஒரே தாளத்தைப் பங்குபோட்டு, ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர் பிடித்தார். முன்னால் ஒருவர் குதித்துக்கொண்டிருந்தால் இதை யார் கவனிப்பார்கள்?

இன்னொன்று. இவர்களின் 1974 ஆல்பமான 'ஸ்டார்லெஸ் அண்ட் பைபிள் பிளாக்'கில் பெரும்பகுதி கச்சேரியில் பதிவானது, முக்கியமாக 1973 நவம்பரில் ஆம்ஸ்டர்டாமில். கைதட்டலை வெட்டிவிட்டு வெளியிட்டார்கள். ஸ்டுடியோ ஆல்பம் என்று நம்பியே பலர் கேட்டார்கள். மேடையில் வாசித்தது அவ்வளவு சுத்தம். கச்சேரி என்றால் எனக்கு அதுதான்.

வேஷக்காரன்:
சுத்தமாக வாசிப்பதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் புராக் ராக் பாட்டு 20 நிமிடம் ஓடும். பல்லவி திரும்பி வராது. தாளம் நடுவில் மாறும். முதல்முறை கேட்பவன் எதைப் பிடித்துக்கொண்டு கூடவே வருவான்?

ஜெனிசிஸ் குழுவைப் பாருங்கள். 1972 செப்டம்பரில் டப்ளினில், அதன் பாடகர் பீட்டர் கேப்ரியல் குழுவில் இருந்தவர்களுக்கே சொல்லாமல், மனைவியின் சிவப்பு கவுனைப் போட்டு நரித்தலை முகமூடியோடு மேடைக்கு வந்தார். பத்திரிகைகள் அதைத்தான் படம் போட்டன. சரி, அது விளம்பரம் என்றே வைத்துக்கொள்வோம். 'சப்பர்ஸ் ரெடி'யில் அவர் செய்தது விளம்பரம் இல்லை. 23 நிமிடப் பாட்டு, ஏழு பகுதி. நடுவில் விளையாட்டுத்தனமான பகுதி வரும்போது தலையைச் சுற்றிப் பூவிதழ். ஒன்பது எண்ணிக்கை கொண்ட 9/8 தாளத்தில் உலக அழிவு வரும்போது கறுப்பு அங்கியும், தலையில் பெட்டி பெட்டியாக ஒரு கவசமும். பாட்டு எங்கே திரும்புகிறது என்று கண் சொல்லிக்கொடுத்தது. அந்த வேஷத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு அந்தத் தாளமே பிடிபட்டது.

பின்வரிசை:
நான் சவுண்ட் வேலை பார்க்கிறவன். இரண்டு பேரும் அரங்கத்தையே மறந்துவிட்டுப் பேசுகிறீர்கள்.

ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். நிமிடத்துக்கு 150 தாள அடி (பீட்) வேகத்தில் ஒரு பாட்டு. அதில் ஓர் அடியை நான்காகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 0.1 நொடி. உங்களுக்கு 17 மீட்டர் பின்னால் ஒரு வெறும் கான்கிரீட் சுவர் இருந்தால், அதில் பட்டுத் திரும்பும் ஒலி சரியாக அடுத்த கால் அடியின் மேல் வந்து விழும். சாதாரண ராக் பாட்டில் இதைச் சமாளித்துவிடலாம். இரண்டு கால்களாலும் பேஸ் டிரம்மை உருட்டி, அதன் மேல் பேஸ் கிட்டாரும் 7/8-ல் ஓடினால் எல்லாம் குழம்பாகிவிடும். திரைச்சீலையும் கூட்டமும் மேல் ஸ்தாயி ஒலியைத்தான் உறிஞ்சும். கீழ் ஸ்தாயி அப்படியே சுற்றிக்கொண்டிருக்கும். அதற்கென்று கட்டாத விளையாட்டு அரங்கத்தில் எவ்வளவு நல்ல ஸ்பீக்கர் தொங்கவிட்டாலும் ஓரளவுக்கு மேல் மிக்ஸரால் (ஒலிகளைக் கலந்து அளவைச் சரிசெய்யும் கருவி) ஒன்றும் செய்ய முடியாது.

லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால் 1871-ல் திறந்தது. அந்தக் குவிமாடத்தின் எதிரொலியைக் கட்டுப்படுத்த 1969-ல்தான் கூரையிலிருந்து காளான் வடிவக் கண்ணாடியிழைத் தட்டுகளைத் தொங்கவிட்டார்கள். அப்படியென்றால் அத்தனை வருடம் அங்கே கேட்டவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

அதனால் ஆடினார்களா, உட்கார்ந்தார்களா என்பதெல்லாம் எனக்கு அப்புறம்தான். எந்த அரங்கம் என்று முதலில் சொல்லுங்கள்.

ஒற்றைத்தந்தி:
நல்ல விளக்கம் சார். ஆனால் வேஷக்காரன் சொன்ன ஜெனிசிஸிலேயே அவர் பேச்சுக்கு மறுப்பு இருக்கிறது. 1974-75-ல் ஜெனிசிஸ் 'தி லாம்ப் லைஸ் டவுன் ஆன் பிராட்வே' ஆல்பத்தை முழுசாக மேடையேற்றியது. அதில் ஸ்லிப்பர்மேன் வேஷம் ஒன்று, உடம்பெல்லாம் உப்பிய கட்டிகள். அதைப் போட்டுக்கொண்டு மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோகவே கேப்ரியல் திண்டாடினார். பாடகர் பாடுவதையே கெடுக்கும் வேஷம் எதற்கு? பின்னால் மூன்று திரையில் ஓடிய ஸ்லைடுகளும் அடிக்கடி தகராறு செய்தன.

பிங்க் ஃபிளாய்ட் குழுவில், 1977-ல், திரையில் ஓடும் படத்தோடு பாட்டு பொருந்த வேண்டும் என்பதற்காக பேஸ் கிட்டாரிஸ்ட் ரோஜர் வாட்டர்ஸ் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு வாசித்தார். படம் ஓடும் வேகத்தில்தான் குழு ஓட வேண்டும். நல்ல நாளில் ஒரு சோலோவை (தனி வாசிப்பை) இரண்டு நிமிடம் நீட்டலாம் என்று தோன்றினாலும் நீட்ட முடியாது. திரைக்கு இசை அடிமையாவது எனக்கு ஒப்பவில்லை.

வேஷக்காரன்:
ஸ்லிப்பர்மேன் தோல்வி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு வேஷம் தோற்றதால் மேடையே வேண்டாம் என்று ஆகாது.

நீங்கள் கொண்டாடும் கிரிம்சனுக்கே வருகிறேன். கச்சேரி முழுக்கப் பளிச்சென்று ஒரே வெள்ளை வெளிச்சம். 'ஸ்டார்லெஸ்' பாட்டில் ஃப்ரிப் ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப மீட்டி ஏற்றிக்கொண்டே போகும்போது, மேடை மெல்ல மெல்லச் சிவப்பாகும். மற்ற பாட்டு எதற்கும் அப்படி இல்லை. அது நாடகம் இல்லாமல் என்ன? மூன்று டிரம்ஸை முன்னால் வைத்ததும் பார்க்கத்தானே? காதுக்கு மட்டும் என்றால் அவற்றை எங்கே வேண்டுமானாலும் வைத்திருக்கலாம்.

கேப்ரியல் கதை சொல்ல ஆரம்பித்ததே எதனால் தெரியுமா? பன்னிரண்டு தந்தி கிட்டார்களைச் சுருதி சேர்க்க நேரம் பிடித்தது. அந்த இடைவெளியில் அரங்கம் செத்துப்போகாமல் இருக்கத்தான் அவர் பேச வேண்டி வந்தது. சுருதி சுத்தமாக இருக்க வேண்டும் என்று நினைத்த குழுவில் பிறந்த மேடைக்கலை அது. இரண்டையும் எதிரிகளாக்குவது நீங்கள்தான்.

ஏழரைத்தாளம்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். இதைச் சோதித்துப் பார்க்கவே வழி இருக்கிறதே அண்ணா. கனடாவின் தி மியூசிக்கல் பாக்ஸ் குழு பழைய ஜெனிசிஸ் கச்சேரிகளை வேஷம், ஸ்லைடு, மேடை எல்லாம் அப்படியே திரும்பச் செய்கிறது. ஸ்டீவ் ஹாக்கெட்டோ அதே பாட்டுகளைத் தன் குழுவோடு, நரித்தலை எதுவும் இல்லாமல் வாசிக்கிறார். அந்தக் காலத்தில் ஓரமாக உட்கார்ந்து வாசித்த அசல் கிட்டாரிஸ்ட் அவர். இரண்டில் ஒன்றுக்குத்தான் டிக்கெட் வாங்க முடியும் என்றால் எதற்குப் போவீர்கள்?

ஒற்றைத்தந்தி:
ஹாக்கெட். யோசிக்கவே வேண்டாம். 'ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த்' சோலோவில் அவர் நீட்டிப் பிடிக்கும் அந்தச் சுரத்தை அவர் கையிலிருந்தே கேட்க வேண்டும். வேறு ஒருவர் எவ்வளவு துல்லியமாக வாசித்தாலும் அது நகல்.

வேஷக்காரன்:
நான் மியூசிக்கல் பாக்ஸுக்கு. ஹாக்கெட்டின் சோலோவை நல்ல பதிவிலும் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் ஜெனிசிஸின் லாம்ப் மேடையை முழுசாகப் படம் பிடித்து வைக்கவில்லை. அந்தக் கச்சேரிப் பயணத்துக்குத் துண்டு துண்டாகத்தான் காட்சிகள் கிடைக்கின்றன. அதை மறுபடி கட்டி நிறுத்த இவர்கள் பட்ட பாட்டுக்கே டிக்கெட் காசு தகும்.

பின்வரிசை:
ஒரு தகவல். ரஷ் என்ற கனடா ராக் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்த கெடி லீ, தன் ஆம்ப்ளிஃபயர்களையே மேடையிலிருந்து எடுத்துவிட்டார். அவர் பேஸ் கிட்டாரின் ஒலி நேராக மிக்ஸருக்கு. ஒலி தெளிவானது, ஆனால் கிட்டாரிஸ்ட் அலெக்ஸ் லைஃப்சன் பக்கம் ஆம்ப் அடுக்கு, இவர் பக்கம் வெறுமை. அதனால் அங்கே துணி உலர்த்தும் மெஷின்களைக் கொண்டுவந்து வரிசையாக நிறுத்தினார். பின்னாளில் கோழி வாட்டும் மெஷினும் வந்தது. ஒலிக்காக எடுத்த முடிவு, மேடைக்கு ஒரு வேலையை வைத்தது.

ஏழரைத்தாளம், எந்தக் கச்சேரிக்குப் போனாலும் முன்வரிசை வாங்காதீர்கள். அங்கே மேடையில் இருக்கும் டிரம்ஸும் ஆம்பும் நேரடியாகக் காதில் விழும், பாடகர் குரல் அமுங்கிவிடும். மிக்ஸர் மேசைக்கு ஒட்டினாற்போல முன்னால் இடம் கிடைத்தால் எடுங்கள். இன்ஜினியர் கேட்பதுதான் உங்களுக்கும் கேட்கும்.

வேஷக்காரன்:
அங்கிருந்து முகம் தெரியாதே சார். நான் முன்வரிசையேதான் வாங்குவேன். குரல் கொஞ்சம் அமுங்கினால் பரவாயில்லை.

ஒற்றைத்தந்தி:
தம்பி, பின்வரிசை சொன்ன இடத்தை எடு. முதல் தடவை குரலும் கீபோர்டும் தெளிவாகக் கேட்கட்டும். ஹாக்கெட் கச்சேரி அறிவித்தால் இங்கேயே எழுது, எந்த அரங்கம் என்று பார்த்துச் சொல்கிறோம்.