நம்ம வீடு குழு: அத்தையோட கோழிக்குஞ்சுக்குத் தீவன வாளி

சனி

அத்தை (6:52): எல்லாருக்கும் ஒரு கேள்வி. 20 குஞ்சுதான் இருக்கு, தீவன மூட்டை அதுக்குள்ள பாதி காலி. மூணு வாரக் குஞ்சு இவ்வளவா தின்னும்?

அண்ணன் (7:05): வளர்ற வயசு அத்தை, தின்னத்தானே செய்யும்.

சித்தப்பா (7:11): அவ்வளவு தின்னாது. அக்கா, தீவனத் தட்டைச் சுத்தி விரிச்சிருக்குற மரத்தூளை ரெண்டு கை அள்ளி சல்லடையில போட்டுப் பாரு.

அத்தை (7:30): பார்த்தேன்டா. பாதிக்குப் பாதி தீவனம்தான் கெடக்கு. மனசே ஆறல.

சித்தப்பா (7:34): குஞ்சு மேல தப்பில்ல. காலால சீய்க்கும், அலகால ரெண்டு பக்கமும் தள்ளிட்டுப் பெரிய பருக்கையாத் தேடும். அது பிறவிக் குணம். முதல் ரெண்டு மூணு நாள் அகலத் தட்டு வேணும், தீவனம் கண்ணுல படணும்ல. அதுக்கப்புறமும் அதையே வச்சா உள்ள ஏறி நின்னு சீய்ச்சுத் தள்ளிடும்.

நான் (7:36): கீழ விழுந்ததை மறுபடி பொறுக்கித் தின்னுடாதா சித்தப்பா?

சித்தப்பா (7:39): தின்னும். எனக்குப் பயமே அதுதான். எச்சம் கலந்ததைத் தின்னுதான் ரத்தக் கழிச்சல் பரவும். ஈரம் பட்டுக் கெடந்தா பூஞ்சை புடிக்கும். ராத்திரி எலி வேற வரும்.

அண்ணன் (7:45): அடியில எல்போ (வளைவு) மாட்டின பி.வி.சி பைப்பை நிறுத்தி, அதுல தீவனத்தைக் கொட்டி வச்சுடலாமா? வீடியோவுல பார்த்தேன்.

சித்தப்பா (7:52): பெரிய கோழிக்கு வை, நல்லா இருக்கும். குஞ்சுத் தீவனம் பொடி. பைப்புக்குள்ள கட்டி நின்னுடும். மேல நிறைய இருக்கு, கீழ ஒண்ணும் வராம குஞ்சு பட்டினி கெடக்கும். அதோட ஒரு பைப்புல ஒரு தலைதான் போகும். இந்த வயசுல குஞ்சு ஒண்ணுக்கு 5 செ.மீ. தட்டு விளிம்பாவது வேணும். இல்லன்னா பலமானது தின்னும், நோஞ்சான் ஒதுங்கி நிக்கும்.

நான் (7:55): 20 குஞ்சுக்கு 100 செ.மீ. அப்போ வட்டத் தட்டா இருந்தா 32 செ.மீ. குறுக்களவு போதும்.

சித்தப்பா (7:58): சரியாச் சொன்ன. மூடி இருக்குற மாவு வாளி ஒண்ணு எடுங்க, அடி 20 செ.மீ. அகலம் இருக்கட்டும். பெயிண்ட், மருந்து இருந்த வாளி வேணாம். வாளியோட பக்கத்துல அடி ஓரமா சுத்தி ஆறு ஓட்டை. அதை 32 செ.மீ. தட்டுக்கு நடுவுல வச்சு போல்ட் போட்டு முறுக்குங்க. தட்டு விளிம்பு 6 செ.மீ. உயரம்.

அண்ணன் (8:01): நான் மத்தியானம் ட்ரில்லோட வர்றேன் அத்தை.

ஞாயிறு

அத்தை (17:20): நேத்தே மாட்டியாச்சு. அடியில பழைய போர்வையை விரிச்சு, சிந்தினதைச் சமையல் தராசுல போட்டேன். முந்தாநாள் தட்டு வச்சிருந்தப்போ நிறுத்துப் பார்த்திருந்தா நல்லா இருந்திருக்கும். இன்னைக்கு 90 கிராம். இன்னும் தள்ளுதுடா.

சித்தப்பா (17:26): போட்டோ போடு.

அத்தை (17:31): 📷

சித்தப்பா (17:35): ஓட்டை ரொம்ப மேல இருக்கு. தீவனம் ஓட்டை மூடுற வரைக்கும் வெளிய வந்துக்கிட்டே இருக்கும், மூடினாத்தான் நிக்கும். ஓட்டையோட மேல் விளிம்பு எங்கயோ, தட்டுல தீவனமும் கிட்டத்தட்ட அங்கதான். இப்போ 4 செ.மீ.க்கு மேல நிக்குது. 2 செ.மீ.தான் இருக்கணும்.

அண்ணன் (17:37): நான்தான் 4 செ.மீ.ல போட்டேன். கீழ போட்டா தீவனம் வராதுன்னு நெனச்சேன்.

சித்தப்பா (17:44): வரும்பா. பொடி அடைச்சா வாளியை ஒரு தட்டு தட்டினாப் போதும். கோழி வளர்ப்புல சொல்ற கணக்கு ஒண்ணு இருக்கு. தட்டு நிரம்ப இருந்தா 100 கிலோவுக்கு 30 கிலோ வரைக்கும் வீண். பாதி இருந்தா 3 கிலோ. மூணுல ஒரு பங்கு இருந்தா 1 கிலோதான். எந்த டப்பா செஞ்சாலும் இந்த அளவு தப்பினா செஞ்சது வீண்.

அண்ணன் (17:46): பழைய ஓட்டைக்கு உள்பக்கம் ப்ளாஸ்டிக் தகடு வச்சு போல்ட் போடுறேன். அடியை ஒட்டி 2 செ.மீ. அகலத்துல புது ஓட்டை.

சித்தப்பா (17:50): ஓட்டை ஓரத்தை உப்புத்தாளால தேய்ச்சுடு, அலகு கீறக்கூடாது. தோட்டத்துக் குழாய்த் துண்டை நீளவாக்குல கீறித் தட்டு விளிம்புல மாட்டு. அலகால தள்ளுறது அதுல முட்டி உள்ளயே விழும். வாளியில இருந்து விளிம்புக்கு அங்கங்க கம்பி இழு, உள்ள ஏறாது.

நான் (17:53): உயரம்?

சித்தப்பா (17:55): குஞ்சு நேரா நிக்கும்போது முதுகு எந்த உயரமோ, விளிம்பு அந்த உயரம். வாளியைக் கயித்துல தொங்கவிடு அக்கா. வளர வளர ஏத்திக்கலாம்.

அத்தை (17:58): தண்ணி பக்கத்துலயே இருக்கலாமா?

சித்தப்பா (17:59): தள்ளி வை. நனைஞ்ச அலகோட வந்தா தீவனம் கட்டி புடிக்கும்.

புதன்

அத்தை (18:10): போர்வையில 8 கிராம்! ரெண்டு தரம் நிறுத்தேன், தப்பில்ல. மரத்தூளும் காஞ்சு கெடக்கு, வாடையும் கம்மியாயிடுச்சு.

அண்ணன் (18:12): கண்ணு நிறைஞ்சு போச்சு அத்தை 🙏

நான் (18:15): 90ல இருந்து 8ஆ! அத்தை, அந்தப் போர்வையை எடுத்துடாதீங்க, வாரம் ஒரு தரம் நிறுத்துப் பாருங்க.

அடுத்த செவ்வாய்

அத்தை (7:02): முதுகு விளிம்பைத் தாண்டிடுச்சு. கயித்தை ரெண்டு விரல் ஏத்திட்டேன்.

சித்தப்பா (7:06): இருக்குறதுலயே சின்னதுக்கு எட்டுதா பாரு.

அத்தை (7:15): ஒண்ணுக்கு எட்டல. ஒரு பக்கம் பலகைத் துண்டு போட்டிருக்கேன். அதுல ஏறி நின்னு தின்னுக்கிட்டு இருக்கு.